ஈஸ்வரி ஒட்டிய இரண்டாவது உறை

ஈஸ்வரி செவ்வாய்க்கிழமை காலை இறந்தார். காரணம் மாரடைப்பு. அவருடைய தம்பி முருகேசன் குரங்கணியிலிருந்து தொலைபேசியில் இதைச் சொன்னார். மருத்துவமனைச் சான்றைப் பிறகு நானும் பார்த்தேன். போடியின் டீக்கடைகளில் வேறு விதமாகவும் பேசுகிறார்கள். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல எட்டு நாள் இருக்கும்போது போய்விட்டதால் எழுந்த பேச்சு அது. ஆதாரம் எதுவும் கிடையாது. அவரை அறிந்தவர்கள் அதைப் பரப்ப வேண்டாம்.

முருகேசன் பேசி அரை மணி நேரத்தில் இன்னொரு அழைப்பு வந்தது. ஈஸ்வரி வேலை பார்த்த ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனத்தின் வழக்கறிஞர், மதுரையிலிருந்து; ஏலச் செய்தி எழுதுபவன் என்பதால் என் எண் அவரிடம் இருந்தது. வருத்தம் தெரிவித்துவிட்டு, "அந்தம்மா கையெழுத்துப் போட்ட உறுதிமொழி நம்மகிட்ட இருக்கு சார். இனி அதுதான் அவங்க சாட்சி" என்றார். அவர் குரலில் தவறாக ஒன்றுமில்லை. ஆனால் ஈஸ்வரி சொல்லவிருந்தது அந்த உறுதிமொழிக்கு நேர் எதிரானது. அது அப்போது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏல மையத்துப் படிகளில் ஈஸ்வரியைக் கடந்துபோகாதவர்கள் நம்மில் குறைவு. கையில் துணிப்பை, அதற்குள் பழுப்பு உறைகள், ஒரு அரக்குக் கட்டி, தீப்பெட்டி. நிறுவனத்தின் ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்கு வருமுன் அதே நிறுவனத்தில் காய் பொறுக்கும் பெண்களோடு உட்கார்ந்திருந்தவர். ஏலத்தில் எடுத்த மூட்டைகள் நிறுவனத்தின் சரக்குக் கிட்டங்கிக்கு வந்து இறங்கியதும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி காய் எடுப்பார். உறையில் போட்டு, தோட்டத்தின் பெயர் எழுதி, அரக்கு வைத்து, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்திடுவார். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களும் போட வேண்டும். ஜீப் ஓட்டுநர், டீ கொண்டுவருபவர், செய்தி தேடிப் போன நான்.

"இந்தா வந்துட்டாக கவருக்காரம்மா. எங்க ஆயுசுக்கும் ஒரு கவர் போட்டு ஒட்டி வையி ஆத்தா" என்று பொறுக்கும் பெண்கள் சீண்டுவார்கள்.

"ஒன் வாயைத்தான் மொதல்ல ஒட்டணும். சோலியப் பாருடி" என்பார், அரக்கை உருக்கியபடியே.

ஒருமுறை அவரிடம் இது எதற்கு என்று கேட்டேன். சட்டம் கேட்கிறதா?

"இப்ப கேக்கலண்ணே. ஒருநா கேக்கும். நம்ம சல்லடைக்கு அளவுதான் தெரியும், எந்தத் தோட்டத்துக் காயின்னு தெரியாது. வாங்குறவன் கேக்கப்போறது தோட்டத்தைத்தான்" என்றார்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏலக்காயை இங்கே பருமனை வைத்துப் பிரிக்கிறோம். பல தோட்டத்துக் காய்கள் ஒரே சல்லடையில் விழுந்து ஒரே குவியலாகும். ஒரே பருமன், ஒரே பச்சை, ஒரே விலை. அதில் யாரும் தப்புப் பார்த்ததில்லை. தரத்தில் சண்டை வந்தால் மாதிரித் தட்டை எடுத்துக் காட்டுவார்கள்; பொழுது சாய்வதற்குள் பேசி முடித்துவிடுவார்கள். கடல் தாண்டிய வியாபாரத்தில் கேள்வி வேறு. எந்தத் தோட்டம், என்ன மருந்து அடித்தது, யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்குப் பதிலாகப் போகும் காகிதத்தில் கையெழுத்திட்டவர் ஈஸ்வரி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஒரு கன்டெய்னர் காய் கேட்டது. தடை செய்த மருந்து படாத, பெயர் குறிப்பிட்ட நான்கு தோட்டங்களின் காய் மட்டும் என்று நிபந்தனை. ஈஸ்வரி அந்தத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூட்டைகள் வந்தன, உறைகள் ஒட்டப்பட்டு நிறுவனத்தின் அலமாரிக்குப் போயின. உறுதிமொழியில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். சலித்துப் பார்த்தபோது கேட்ட பருமனில் காய் குறைந்தது. முதலாளி ஏலத்தில் எடுத்து வைத்திருந்த வேறு காயைக் கொண்டு நிரப்பச் சொன்னார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் நிரப்புகிறார்கள்.

மறுநாள் காலை நான் கிட்டங்கியில் இருந்தேன். மலையிலிருந்து மேகம் இறங்கி வாசல்வரை இருட்டாகக் கிடந்தது. தூத்துக்குடிக்குப் போகும் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஈஸ்வரி குவியலைப் பார்த்தார், காலியான சாக்குகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக எண்ணினார். நான்கு தோட்டத்திலிருந்து வந்ததைவிடச் சாக்கு அதிகமாக இருந்தது.

"மொதலாளி, லோடை நிப்பாட்டுங்க. இதுல வேற காய் விழுந்திருக்கு."

"காய்தான ஆத்தா விழுந்திருக்கு, கல்லா விழுந்திருக்கு? கப்பல் நமக்காக நிக்குமா?"

"நான் எழுதிக் குடுத்தது இந்தச் சரக்குக்கு இல்ல."

"எல்லாம் ஒரே மலைக் காய்தான். வெரசா ஏத்துங்கப்பா!"

ஈஸ்வரி ஏற்றுவதற்கு இருந்த மூட்டைகளிலிருந்து காய் எடுத்து ஒரு புதிய உறையில் போட்டார். அதன் மேல் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. "நிரப்பிய பின்" என்று எழுதி, தேதி போட்டார். அரக்கு வைத்தார். தான் கையெழுத்திட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். "அண்ணே, இங்கிட்டு ஒன்னு போடுங்க. போட்டுட்டு நீங்களே வச்சுக்கோங்க. இந்த அலமாரியில இருந்தா இது இருக்காது."

லாரி போன பிறகு அவர் சொன்ன வாசகம் இது: "என் கையெழுத்து முன்னாடி போயிருச்சு. சரக்கு பின்னாடி போகுது. ரெண்டும் ஒரே எடத்துலதான போய்ச் சேரும்?"

சேர்ந்தது. வாங்குபவரின் நாட்டுத் துறைமுகச் சோதனையில் மருந்து எச்சம் இருப்பதாகச் சொல்லி அங்கே சரக்கை நிறுத்தினார்கள். சில மாதங்களில் கூரியரில் ஒரு தடித்த உறை வந்தது, வாங்கியவர்கள் தொடுத்த வழக்கின் நோட்டீஸ். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், தகராறு என்றால் வாங்குபவரின் ஊரில் நடுவர்கள் முன்தான் விசாரணை என்று இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை இங்கே யாரும் படித்ததில்லை. "அவன் ஊருல கேஸ் போட்டா அவனே போயி நிக்கட்டும்" என்றார் முதலாளி. இரண்டாவது நோட்டீஸ் வந்தது. மூன்றாவது வந்தது. மூன்றையும் பிரித்து, தேதி முத்திரையிட்டு, முதலாளியின் மேசை மேல் வைத்தவர் ஈஸ்வரி. நாம் போகாவிட்டாலும் தீர்ப்பு வரும், அது இங்கேயே வந்து கிட்டங்கியைப் பூட்டும் என்று மதுரை வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் முதலாளி பயந்தார். நடுவர்கள் கடைசி வாய்ப்பாக ஒரு தேதி கொடுத்தார்கள். ஈஸ்வரி காணொளியில் சாட்சி சொல்ல வேண்டும். நிறுவனத்தின் வாதம் முழுவதும் அலமாரியில் இருந்த முதல் உறைகளை நம்பியது. அவை சுத்தமான நான்கு தோட்டத்துக் காய்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது பேருந்து நிலையத்தில், இறப்பதற்கு நான்கு நாள் முன்பு. குரங்கணி பஸ்சுக்கு நின்றிருந்தார். முன்பின் தெரியாத எண்களிலிருந்து போன் வருவதாகவும், எடுத்தால் பேச்சில்லை என்றும் சொன்னார். யார் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

"உண்மையச் சொன்னா கம்பெனி போயிரும். பொறுக்குற பிள்ளைக மூஞ்சியப் பாக்க முடியலண்ணே. சொல்லாட்டி அந்த நாலு தோட்டத்துக்காரனும் மருந்தடிச்சவன்னு ஆயிருவான். அவன் காய எவனும் தொடமாட்டான். அவுகளுக்கு நான்தான வாக்குக் குடுத்தேன்?"

எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதாதீங்க. சொல்ல வேண்டிய எடத்துல நானே சொல்றேன்." பஸ்சில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டார்: "அந்தக் கவர் பத்திரமா இருக்குல்ல? கேட்டாக் குடுத்துருங்க." வண்டி நகர்ந்தபோது மறுபடி எட்டிப் பார்த்தார். "கேக்காட்டியும் குடுத்துருங்க."

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், அந்த நான்கு தோட்டக்காரர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்காகப் பேச இருந்த ஒரே ஆளு" என்றார். பொறுக்கும் பெண்கள் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு இந்த உறையைப் பற்றித் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

ஈஸ்வரியிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழுப்பு உறை, அரக்கு உடையாதது. அசைத்தால் உள்ளே காய்கள் உருளும் சத்தம் கேட்கும். வாசனை இன்னும் லேசாக இருக்கிறது. ஒட்டிய இடத்தின் மேல் இரண்டு கையெழுத்துகள். உயிரோடு இருப்பவருடையது ஒன்றுதான். உறை இருப்பதை நேற்று வழக்கறிஞரிடம் சொன்னேன். எதிர்த் தரப்புக்கும் நடுவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். வழக்கறிஞர், "யோசிச்சுத்தான் செய்றீங்களா சார்?" என்றார்.

ஈஸ்வரியின் உறுதிமொழியை அவர் இல்லாமலே சாட்சியமாக ஏற்பதா என்று நடுவர்கள் இன்னும் சொல்லவில்லை. விசாரணையை அடுத்த மாதம் மூன்றாவது வாரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். உறைகளில் உள்ள காயைச் சோதிக்க இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சோதனைக்கூடம் எது என்பது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் முடிவாக வேண்டும். அதுவரை உறை என் வீட்டில் இருக்கும். நேற்று மாலை முதல் என் தொலைபேசிக்கும் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வருகிறது. எடுத்தால் பேச்சில்லை.