பூஜ்யம் கேபி: மயிலாடுதுறைக்கு ஒரு சிடி பயணம்

ஐப்பசி பிறந்ததும் வந்த முதல் சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைக்குப் போய்வந்தோம். மாயூரநாதரைத் தரிசிக்கப் போனோம் என்று எழுத ஆசைதான். உண்மையான காரணம் பொறாமை.

ஆயுத பூஜைக்கு பீரோவை ஒழித்தபோது ஒரு சிடி கிடைத்தது. மேலே நீல மையில் 'மலருக்கு, குமரன்' என்றிருந்தது. மலர் என் மனைவி. குமரன் அவளோடு கல்லூரியில் படித்தவன், பிறகு அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்தவன், இப்போது துபாயில் இருக்கிறான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்ததுங்க. அப்ப என்கிட்ட ஏது கம்ப்யூட்டர்? போட்டே பார்க்கல" என்றாள்.

நான் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கோப்பு, பெயர் மலர். அளவு, பூஜ்யம் கேபி. பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்பு ஒரு கணவனை என்ன பாடு படுத்தும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

"இது மேக் கம்ப்யூட்டர்ல எழுதின சிடி சார்" என்றார் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்காரர். "விண்டோஸ்ல பேரு தெரியும், சரக்கு தெரியாது. மாயவரத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற காதர் பாய்கிட்ட பழைய மேக் இருக்கு. அதுல போட்டுப் பாருங்க."

மலரும் கிளம்பிவிட்டாள். "எனக்கும் தெரிய வேணாமா?"

ரயிலில் எழுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். முன்பதிவில்லா டிக்கெட் இருவருக்கும் தொண்ணூறு ரூபாய். பாபநாசம் தாண்டினால் ஒரு பக்கம் குறுவை அறுவடை, மறுபக்கம் சம்பா நடவு. நீங்கள் போனால் அதைப் பாருங்கள். நான் மலரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவள் குத்தாலம் வரை நன்றாகத் தூங்கினாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து அச்சகத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். காதர் பாய் சிடியைப் போட்டதும் கோப்பு திறந்துகொண்டது.

"இது ஃபாண்ட்டுங்க. யாரோ கையால எழுதினதப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா செஞ்சிருக்காங்க" என்றவர், 'வாழ்க' என்று தட்டினார். ழகரத்தின் வால் இடப்பக்கம் சுருண்டு நின்றது. எங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் புழுங்கலரிசியின் ழ-வுக்கும் அதே வால்தான். மலரின் கையெழுத்து.

"ஆமா, அரிச்சுவடி மாதிரி எழுதித் தரச் சொன்னான்" என்றாள். "இதுக்குன்னு தெரியாது."

காதல் கடிதம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் எழுத்தின் ஒவ்வொரு சுழியையும் ஒருவன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். நான் அந்தச் சீட்டில் விலையைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

"சார் பேர அடிச்சுப் பார்ப்போமா?" என்றார் பாய். மலர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை. படிவங்களில் ஆங்கிலத்தில் எழுதுவாள். அவள் கையெழுத்தில், தமிழில், என் பெயரை நான் பார்த்ததே கிடையாது. அதையும் அவன் தயவில்தான் பார்க்க வேண்டும்.

அச்சாகி வந்தது. ரா, அப்புறம் ஒரு வெற்றுக் கட்டம், அப்புறம் ன்.

"ஜ இல்லைங்க இதுல" என்றார் பாய்.

"வடவெழுத்து எழுதித் தரல" என்றாள் மலர். "அப்ப தேவைப்படல."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்துக்குள் ஜ எழுதினாள்.

இப்படி சிடி வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸில் பூஜ்யம் என்று காட்டினால் காலி என்று தூக்கிப் போடாதீர்கள். பென் டிரைவில் நகலெடுத்துக் கொண்டுபோகாதீர்கள், பெயர் மட்டும்தான் வரும், சிடியையே கொண்டுபோங்கள். போன் செய்துவிட்டுப் போவது நல்லது, வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிளம்பும்போது பாய் கேட்டார், "அந்த ஜ-வ ஸ்கேன் பண்ணி ஃபாண்ட்ல சேர்த்துத் தரவா?"

"வேணாங்க" என்றேன். தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.