புளி போட்டுத் தேய்த்த கல் உருண்டை

மற்ற வீடுகளில் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள் இருக்கிற இடத்தில், எங்கள் சித்தூர் வீட்டு ஷோகேஸில் என் கல் உருண்டைகள் இருக்கின்றன. எல்லாம் பாலிஷ் போட்டவை. பகலில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தால் ஒன்று பச்சையாக எரியும், ஒன்று ஆரஞ்சாக. ஐம்பதைத் தொடப்போகிற ஆள் இருட்டில் டார்ச்சோடு உட்கார்ந்து தானாகச் சிரிப்பது பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

"கல்லயே கட்டிக்கினு கீறவரு, என்னை எதுக்குக் கட்டிக்கினீங்க?" என்பாள் மனைவி.

"கல்லு வீட்ல பொண்ணு குடுக்கல மே" என்பேன்.

போன வருஷம் வரைக்கும் அந்த ஷோகேஸை அவள் தொட்டதே இல்லை. தூசிகூடத் தட்டமாட்டாள்.

இருப்பதிலேயே எனக்கு உயிரானது பால் வெள்ளையில் ஒரு கால்சைட் உருண்டை, சுண்ணாம்புக் கல் வகை. டார்ச் பட்டால் சிவக்கும். நான் வேலை பார்க்கிற திருப்பதியில் ஒரு கல் வியாபாரியை நச்சரித்து நச்சரித்து வாங்கியது. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, பக்கத்து சீட்டுக்காரர் "பிரசாதமா சார்?" என்று பக்தியோடு கை நீட்டினார். திருப்பதியிலிருந்து வருகிறவன் மடியில் உருண்டையாக வேறென்ன இருக்கும்? அவிழ்த்துக் காட்டினேன். கையை மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்து, பித்தளைச் சாமான்களைப் பரணிலிருந்து இறக்கித் தேய்ப்பது எங்கள் வழக்கம். போன வருஷம் அப்படி ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தேன். கூடத்தில் குடமும் தாம்பாளமும் தங்கம் மாதிரி மின்னின. நடுவில் என் வெள்ளை உருண்டை, தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி.

"உங்க கல்லயும் தேய்ச்சிட்டேன். புளியும் எலுமிச்சம்பழமும் போட்டு. நுரை நுரையா வந்துச்சி. எத்தினி அழுக்கு பாருங்க."

நுரைத்தது அழுக்கு இல்லை, கல். புளிப்பு பட்டால் கால்சைட் கரையும். பாலிஷ் சுத்தமாகப் போயிருந்தது.

ஊறிச் சுருங்கிய விரல்களோடு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது ஒரு வார்த்தை தப்பாக விழுந்தால், இவள் இனி என் கற்கள் பக்கமே வரமாட்டாள்.

"நல்லா கீதா?"

"கீது."

"லைட்டு அடிச்சிக் காட்டுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டது முதல் தடவை. விளக்கை அணைத்து டார்ச்சை அடித்தேன். சிவந்தது. முன்பெல்லாம் பாலிஷ்மேல் டார்ச் வெளிச்சம் ஊதாப் பொட்டாகத் தெறித்துக் கண் கூசும். இப்போது அது இல்லை. உருண்டை முழுக்க ஒரே சிவப்பு.

"அய்ய, அடுப்புத் தணலு மாதிரி கீதே. ஏன் இத்தினி நாளா காட்டல?"

"கூப்ட்டப்பல்லாம் நீ கொழம்பக் கிண்டிக்கினு இருந்த."

விளக்கைப் போட்டதும் அவள் உருண்டையைத் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது.

"பளபளப்பு போச்சில்ல?"

"போச்சி. இதுக்கு புளி ஆவாது."

"வந்ததும் சொல்றதுக்கு இன்னா?"

"நீ லைட்டு அடிக்கச் சொன்னியா, மறந்துட்டேன்."

கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, "சரி, அந்தப் பச்சைய எடுங்க" என்றாள்.

கல் வியாபாரி மறுபடி பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். சர்ச்சில் நன்றி சொல்லும்போது அந்தச் சாயங்காலத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அவளே என்னைக் கூப்பிடுகிறாள். டார்ச் அவளிடம்தான் இருக்கிறது. கெஞ்சிக் கேட்டால் எனக்கும் கொஞ்ச நேரம் தருகிறாள்.