எர்த் ஓட்டைக்குள் ஒரு பேனை

வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்வது காதுகளைப் பொத்திக்கொள்வதுதான். நோர்வேயில், ஒரு மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கட்டடத்துக்குள் ஆயிரக்கணக்கான சேர்வர்கள் இரைந்தபடி நிற்கின்றன. காதுறை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே எட்டு மணிநேரமும் கதை இல்லை. என்னோடு வேலை செய்யும் ஹெல்கே பெருவிரலை உயர்த்தினால் சரி, உள்ளங்கையைக் காட்டினால் நில். சாப்பாட்டு மேசையில் காதுறையைக் கழற்றிய பிறகும் அவன் பாணை மென்றபடி யன்னலைத்தான் பார்ப்பான். வந்த புதிதில் என்னோடு கோபமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, அவனுக்கு அது ஓய்வு. எனக்குத்தான் கதையாமல் வாய் உளைந்தது.

ஆனால் வேலை பிடிக்கும். சேர்வரை இரண்டு பேராகத் தூக்கி இரும்புத் தட்டில் ஏற்றுவோம். அதன் முதுகில் மின்சாரம் வாங்கும் வழிகள் இரண்டு. சிவப்பு வயர் ஒரு மின்வழிக்கு, நீல வயர் வேறொன்றுக்கு. ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். வயர்களை இழுபடாமல் ஓரமாகக் கட்டி, எர்த் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பொத்தானில் கை. போன வருடம் பழைய சேர்வர்களைக் கழித்தபோது ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எங்கே கொண்டுபோகிறாய் என்றான் ஹெல்கே. வீட்டுக்கு என்றேன். இந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நித்திரை வராதே என்று உண்மையாகவே கவலைப்பட்டான். அவன் என்னோடு பேசிய மிக நீளமான வசனம் அது. நான் சொன்ன வீடு ஊரில், உடுப்பிட்டியில். அதை எங்கிருந்து விளங்கப்படுத்தத் தொடங்குவது? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உடுப்பிட்டியில் எங்கள் சனசமூக நிலையத்தின் பின்னறையில் நிரோஜன் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறான். உயர்தரத்தில் என்னோடு படித்தவன். ஒரே ஒரு பழைய கொம்பியூட்டரைச் சுற்றி எட்டுத் தலைகள் முட்டிக்கொண்டு நின்று நாங்கள் இருவரும் பழகியதும் அந்த அறையில்தான். இன்ரநெற் அடிக்கடி விழுகிறது, பாடங்களை வைத்திருக்கச் சொந்தமாக ஒரு சேர்வர் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தான். பஞ்சு சுற்றி, வயர்களுக்குத் தமிழில் பெயர் ஒட்டி, நானே பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்பினேன். அது போய்ச் சேரும்வரை இரண்டு மாதமும் எனக்கு வேறு சிந்தனை இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு நல்ல நேரம் என்று நிலையத் தலைவர் குறித்திருந்தார். இங்கே ஆறு மணி கடந்து சொற்ப நேரம், வெளியில் பனி. போன் வீடியோவில் நிரோஜன் எல்லாம் காட்டினான். பக்கத்து நெல்லியடிப் பட்டறையில் ஒட்டுவித்த இரும்புத் தட்டு, அதில் என்னுடைய சேர்வர், நெற்றியில் சந்தனம், குங்குமம். சுற்றிவரப் பிள்ளைகள். சிவப்பு சரி, நீலம் சரி. பிளக்கைக் காட்டு என்றேன். சுவரில் இருந்த இரண்டு சொக்கற்றுகளிலும் மேல் ஓட்டைக்குள் ஒவ்வொரு பேனை நின்றது.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் சொக்கற்றுக்குப் பக்கத்தில் மை முடிந்த பேனை கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் சொக்கற்றில் மேல் ஓட்டை எர்த்துக்கு உரியது. அதற்குள் பேனையைக் குத்தினால்தான் கீழ் ஓட்டைகளின் மூடி திறந்து உருண்டைப் பின் உள்ளே போகும். நோர்வே பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. எங்கள் சுவரில் அது தொடுவதற்கு ஒன்றுமே இல்லை.

"நிரோ, கழட்டு. உதிலை எர்த் இல்லை."

"பேனை குத்தித்தானே மச்சான் நாங்கள் வளந்தனாங்கள்."

"போன் சார்ஜர் வேறை. உது இரும்பு. எங்கையும் கரண்ட் ஒழுகினால் தட்டு முழுக்க வரும், பிள்ளையள் தொட்டால் அடிக்கும்."

நேரம் போகுது தம்பி என்றார் தலைவர் பின்னாலிருந்து. வெளிநாட்டுக்குப் போனவைக்கெல்லாம் எங்கடை கரண்ட்டிலை ஒரு பயம் வந்திடும் என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நிரோஜன் சிரிக்கவில்லை. போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து மெதுவாகக் கேட்டான்: "நீதானேயடா உந்த வயரை அனுப்பினனி?"

அதே அறையில், அதே சொக்கற்றில் எத்தனை பேனை குத்தியிருப்பேன். வயருக்குப் பெயர் ஒட்டும்போது அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. மறப்பதற்கு நோர்வேயில் நாலு வருடம் போதுமாயிருக்கிறது.

நிரோஜன் கரண்ட் பார்க்கிற டெஸ்ரரை எடுத்துச் சேர்வரின் விளிம்பில் வைத்தான். பொத்தானை அமத்தாமலே டெஸ்ரரின் விளக்கு மங்கலாக மினுங்கியது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளை விலத்தச் சொல்லிவிட்டு, சுவிச்சை நிறுத்தி, பிளக்குகளையும் பேனைகளையும் இழுத்தெடுத்தான். பத்து நாற்பது கடந்துபோனது. பிறகு போன் எடுக்கிறன் என்றான்.

எடுக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மூன்று பின் வயர் வாங்கி, வயரிங் செய்யிற அண்ணையைக் கொண்டு நிலத்து எர்த்தையும் பார்ப்பித்து, சேர்வரை ஏற்றியாயிற்றாம். ஒருவருக்கும் ஷொக் அடிக்கவில்லையாம். இங்கிருந்தே சேர்வருக்குள் போய்ப் பார்ப்பதற்கு ஒரு இன்ரநெற் முகவரியும் இருந்தது. பொத்தானை அமத்தும்போது என்னைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த முகவரியால் உள்ளே போனேன். விசிறிகளின் வேகம், இரண்டு வழியிலும் வரும் மின்சாரம், முன்பக்கத்தால் இழுக்கும் காற்றின் சூடு: முப்பத்துநாலு பாகை. உடுப்பிட்டிக் காற்று. அன்றிலிருந்து ஒரு தேவையும் இல்லாமல் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போனில் அது முப்பத்துநாலிலிருந்து முப்பத்திரண்டு, முப்பது என்று இறங்கியது. மழை. யன்னலைத் திறந்து விட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு. யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணின் பக்கம் திரும்பிச் சொல்ல வாயெடுத்தேன். நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்து அவர் கால்களை ஒடுக்கி வழி விட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. எழுந்து இறங்கிவிட்டேன். என் தரிப்பிடத்துக்கு இன்னும் இரண்டு தரிப்பிடம் இருந்தது. கணுக்கால் வரை பனி. கைக்குள் இருபத்தேழு.