அந்தக் கெண்டையைப் பிடித்தது நான்

கொடைக்கானலில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளி விடுதியில் நான் வார்டன். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். சுற்றுலா வருபவர்களைப் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று மேல்மலைப் பக்கம் கூட்டிப் போவது அவர் தொழில். எங்கள் வீடு செண்பகனூரில். சனிக்கிழமை எனக்கு விடுப்பு. அன்றைக்குப் பார்த்து அவருக்குக் கூக்கால் சவாரி கிடைத்து, வண்டியில் இடமும் இருந்தால், நானும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவேன். வந்தவர்கள் ஏரியைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் கோரைப்புல் ஓரமாக உட்கார்ந்து மீன் பிடிப்பேன்.

வார்டனுக்கு இது என்ன பழக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. ஊரடங்குக் காலத்தில் விடுதி பூட்டிக் கிடந்தபோது தொற்றிக்கொண்டது. தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் மிஸ், மிஸ் என்று கூப்பிடுவதில்லை. அதற்கு மேல் எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது. பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்துச் சாப்பிடுவோம். மீனைப் பிடித்து முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடுகிற ஆட்களில் ஒருத்தி இல்லை நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

நான் சொல்லப்போகும் சனிக்கிழமையில் ஜீப்பைக் கூப்பிட்டவர் சுற்றுலாக்காரர் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்து ஊருக்கு வெளியே காட்டேஜ் கட்டி நடத்துகிறவர். அங்கே தங்குகிறவர்களுக்கு வண்டி வேண்டுமென்றால் என் கணவருக்குத்தான் போன் வரும். ஜீப் எங்களுடையது, கடனும் எங்களுடையது, ஆனாலும் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ஓனர். அவர் புதிதாக மீன்பிடிச் சாமான்கள் வாங்கியிருந்தார். கூக்காலில் தூண்டில் போட ஊர்க்காரர்களிடம் சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டார். சாரும் உன்னை மாதிரிதான், நீயும் வா, அப்படியே மதியச் சாப்பாடும் செய்து எடுத்துக்கொள் என்றார் கணவர். வெள்ளனே எழுந்து எலுமிச்சை சாதமும் கோழி வறுவலும் செய்து எடுத்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் இறங்கியதும் ஓனர் என் தூண்டிலைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் கணவரிடம், உங்க வீட்டம்மாவுக்கும் இதுல இன்ட்ரஸ்டா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கணவர் சிரித்தார். விடுதியில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கரையில் நான் டிபன் கேரியர் தூக்கி வந்த டிரைவர் பெண்டாட்டி.

ஓனர் கரையின் நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டார். நான் வழக்கமான கோரை ஓரத்துக்குப் போனேன். மேகம் ஏரிமேல் இறங்கி நின்றதால் எதிர்க்கரைக் காடு தெரியவில்லை. அவருக்கு எதுவும் கடிக்கவில்லை. எனக்கும் வெகுநேரம் ஒன்றும் இல்லை. மேகம் கலைந்து வெயில் விழுந்தபோது என் தக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஊர்ந்தது, காணாமல் போனது.

இழுத்ததும் கையில் தெரிந்துவிட்டது, இது நான் இதுவரை பிடித்த மீன் மாதிரி இல்லையென்று. ரீல் கிர்ரென்று சுற்றித் தூண்டில் நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. மீன் கோரைக்குள் புகுந்தால் தொலைந்தது. ஓரமாகவே நடந்து, இழுத்து, விட்டு, மறுபடியும் இழுத்து, தோள் இரண்டும் மரத்துப்போயின. கணவரைக் கூப்பிட்டேன். அவருக்கு முன்னால் ஓனர் ஓடி வந்தார், கையில் நீளப் பிடி வைத்த வலையோடு. ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கி மீனைக் கோலி எடுத்தார். அதை நான் மறுக்கவில்லை. அந்த வலை இல்லாவிட்டால் கரைக்குப் பக்கத்தில் நரம்பு அறுந்திருக்கும். இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

அது கண்ணாடிக் கெண்டை. முதுகோரம் ரூபாய்க் காசு மாதிரி பெரிய செதில்கள் வரிசையாக இருக்கும், மற்ற இடமெல்லாம் வழவழவென்று வெறும் தோல். வயிறு பொன்னிறம். தவழ்கிற பிள்ளையைத் தூக்குகிற கனம் இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று சொல்லக் காரணம், நான் அதைத் தூக்கவே இல்லை.

தூக்கியது ஓனர். வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தார், மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், என் கணவரிடம் போனைக் கொடுத்தார். இந்தப் பக்கமிருந்து ஒன்று, ஏரி தெரிகிற மாதிரி ஒன்று, முட்டி போட்டு ஒன்று. என் கணவரும் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்துத் தள்ளினார். நான் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். சார் முகத்தில் வெயில் விழ வேண்டும், கொஞ்சம் தள்ளி நில் என்று என்னிடம் சொன்னவர் கணவர்தான். தள்ளி நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

பிறகு ஓனர் தன் வலைப்பையில் மீனை விட்டு, பையைக் கரையோரத் தண்ணீரில் கட்டிவைத்தார். மீன் உயிரோடு இருந்தது. அதை என்ன செய்வது என்ற பேச்சு தொடங்கியது. பேசியவர்கள் இரண்டு பேர், அவரும் என் கணவரும். இதைப் பாடம் பண்ணிவிடலாம், காட்டேஜ் ரிசப்ஷனில் கணப்பு அடுப்புக்கு மேலே சுவர் காலியாகத்தான் இருக்கிறது என்றார் ஓனர். மீனைப் பாடம் பண்ணுகிற ஆள் ஒருவரைத் தெரியுமாம். அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டார். வயிற்றைக் கிழிக்கக் கூடாது, ஈரத் துணியில் சுற்ற வேண்டும், துடுப்பு ஒடியக் கூடாது, ஐஸில் வைத்துக் கீழே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டு என் கணவருக்குச் சொன்னார். கணவர் தலையாட்டிக்கொண்டே, ஐஸ் எங்கே கிடைக்கும், எந்த பஸ்ஸில் போட்டு அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். ஈரத் துணிக்கு நான் கொண்டுவந்திருந்த துண்டை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இத்தனைக்கும் நடுவில் சாப்பிட்டார்கள். நான்தான் பரிமாறினேன். ஊறுகாய் இல்லையா என்று ஓனர் கேட்டார்.

அந்த நேரம் ஊர்க்காரப் பெண் ஒருத்தி பூண்டுக் காட்டிலிருந்து மண்வெட்டியோடு அந்த வழியாக வந்தாள். அடிக்கடி பார்க்கிற முகம், சிரித்துக்கொள்வோம். வலைப்பையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டாள்.

"ஏத்தா, நீ புடிச்சதா?"

ஆமாம் என்றேன்.

"என்ன செய்யப் போற?"

காலையிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கொழம்புக்குன்னா வெரசா கொண்டு போ, இல்லேன்னா விட்டுரு, பாவம் இப்படிக் கெடக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு வேறு சோலி இருந்தது.

என்ன செய்யப் போகிறேன்? மீன் கரையேறியபோது என் மனதில் ஓடியது குழம்புதான். வீட்டில் இருக்கிற சட்டிக்கு அடங்காது, விடுதிச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு வரும் என்று கணக்குப் போட்டேன். பாடம் பண்ணுவதில்கூட எனக்கு வெறுப்பு இல்லை. என் வீட்டுச் சுவரில் அது மாட்டியிருந்தால் வருகிறவர்களிடமெல்லாம் காட்டத்தான் செய்வேன், பெருமைக்கு என்ன குறைச்சல். நான் தயாராக இல்லாத ஒன்றே ஒன்று, வேறு ஒருவர் வீட்டு அடுப்புக்கு மேலே அது தொங்குவது. யோசிக்க யோசிக்க எனக்குக் காது சூடாகியது. அந்த மீனை வைத்துக்கொள்வதா, சுவரில் மாட்டுவதா, விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைத் தவிர அதில் எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. அதையும் இரண்டு ஆண்கள் என் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள்.

எழுந்து போய்ச் சொன்னேன்.

"சார், அது என் மீன். நான் அதைத் தண்ணில விடப் போறேன்."

ஓனர் சிரித்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. என் கணவரைப் பார்த்து, சொல்லுங்க உங்க வீட்டம்மாகிட்ட என்றார்.

கணவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார் வச்சுக்கட்டும், விடும்மா. ஒரு மீனுக்குப் போயி."

"ஒரு மீனுதாங்க. அதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நீங்களே கேக்கலையே."

அவர் திரும்பி ஓனரைப் பார்த்தார். ஓனர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நிமிடத்தில் பாதி திசை மாறிவிட்டது. ஓனருக்கு என்னைத் தெரியாது. இவரோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு, ஐஸ் மாதிரி குளிர். பையின் கயிற்று முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். பின்னால் ஓனர் என்னவோ சத்தமாகச் சொல்வது கேட்டது. பையின் வாயைத் திறந்து சரித்தேன். மீன் உடனே போகவில்லை. என் கணுக்காலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. செத்துவிடுமோ என்று பயந்து குனிந்து அதன் முதுகில் கை வைத்தேன். அவ்வளவுதான் நான் அதைத் தொட்டது. வாலை ஒரு அடி அடித்தது, சேறு கலங்கி எழுந்தது, தெளிந்தபோது அங்கே ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது நான் ஜீப்பின் பின்சீட்டில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது ஓனர் என் கணவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு காட்டேஜிலிருந்து போன் வருவது நின்றது. கணவர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். அந்தப் பார்வை எனக்காகத்தான் என்று தெரியும். பிழைப்புப் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது, ஆனால் அந்தப் பயத்துக்காக மன்னிப்புக் கேட்க முடியாது. சீசன் வந்ததும் மேல்மலை ரோட்டுக்கு வேறு வண்டிகள் கிடைக்காமல் ஓனரே மறுபடி கூப்பிட்டார். ஒன்றும் நடக்காதது போலத்தான் பேசினாராம்.

இதற்குள் கதை பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டது. எப்படி வந்ததோ, வந்து சேர்ந்தபோது நான் ஜீவகாருண்யம் உள்ளவளாகிவிட்டேன். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு உயிர்களிடத்தில் இரக்கம் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். இரக்கப்பட்டு விடவில்லை மேடம், கோபப்பட்டு விட்டேன் என்றேன். அவர் நான் தன்னடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒரு பெண் கோபப்பட்டால் அதைக் கழுவித் துடைத்துக் கருணை என்று பெயர் வைத்துத்தான் மேடையேற்றுவார்கள் போலிருக்கிறது. நான் பேச மறுத்துவிட்டேன்.

சீசன் முடிகிற சமயத்தில் ஒருநாள் கணவர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, அந்த மீன் சுவரில் இருக்குது என்றார். எனக்குப் புரியவில்லை. படத்தையும் அளவையும் கொடுத்தால் போதுமாம், இப்போதெல்லாம் உண்மையான மீனே வேண்டாமாம், ஃபைபரில் அச்சு அசலாகச் செய்து வண்ணம் தீட்டிக் கொடுக்கிறார்களாம்.

மறுநாள் நான் போனேன். கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரே ஜீப்பை எடுத்தார். கணப்புக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு அது தொங்கியது. அசலைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் செதிலாக, பளபளவென்று. கீழே பித்தளைத் தகட்டில் ஓனரின் பெயர், கூக்கால் ஏரி என்று இடத்தின் பெயர். ரிசப்ஷனில் இருந்த பெண் மரியாதையாக எழுந்து, எங்க சார் பிடிச்சது மேடம் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் கணவரின் குரல் கேட்டது.

"இல்லம்மா. இதைப் பிடிச்சது என் வீட்டுக்காரி. நான் பக்கத்துல நின்னேன்."

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஓனர் வந்தார். என் கணவர் அவரிடமும் அதையே சொன்னார். ஓனர், அட, சும்மா டெகரேஷன்தானே, இதைப் போய் சீரியஸா எடுத்துக்கிட்டு என்று அவர் தோளில் தட்டினார். டெகரேஷன் என்றால் பெயர் எதற்கு சார் என்று நான் கேட்டேன். அவர் போன் வந்ததுபோல வெளியே போய்விட்டார்.

தகடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கணவருக்குச் சவாரியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கூக்கால் ஏரி கண்ணில் பட்டதும், ஜீப்பில் இருப்பவர்களிடம் காட்டேஜ் சுவரில் பார்த்த மீனைப் பிடித்தது யார் என்று இவரே சொல்லிவிடுகிறார். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். பெரிய மீன் சார், ஆனா நாங்க மனசு வந்து விட்டுட்டோம் என்று சொன்னார்.

நாங்க இல்லை, நான் என்று பின்சீட்டிலிருந்து திருத்தினேன். மனசு வந்து விட்டதும் இல்லை. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கண்ணாடியில் என்னைப் பார்த்து, சரி, அவதான் விட்டா, நான் வேண்டாம்னேன் என்று அவர்களிடம் சொன்னார். பிறகு கியரை மாற்றி இறக்கத்தில் வண்டியை விட்டார்.