மரியசெல்வத்தின் எட்டு விநாடி

செம்புக் கம்பியால் காயில் கட்டி முடித்த தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு, அதன் உறுமலுக்குச் சுதி சேர்த்து வாயாலேயே கிட்டார் வாசிப்பார் மரியசெல்வம். மோட்டாரை வாங்கிப்போக வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். "செத்த பொறுங்கண்ணே, இப்பத்தான் சுதிக்கு வருது!"

ஆவூரில் மோட்டார் ரிப்பேர்க் கடை. வயது முப்பத்தெட்டு. தோள்வரை முடி, கறுப்புச் சட்டை. ஞாயிறு பூசைக்கும் அதே கோலம்தான். ஊரில் ஹார்டு ராக் வாசிக்கும் ஒரே ஆள். கேட்கும் ஒரே ஆளும் அவர்தான். கிட்டாருக்கான காந்தச் சுருளைக்கூட மோட்டார்க் கம்பியில் தானே சுற்றிக்கொண்டார். ஒரு இழுப்பு இழுத்தால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்யும். "ஏங்க, இது பாட்டா, காயில் பொகைஞ்ச மோட்டாரா?" என்பார் மனைவி ஜெனிபர். மேடை நாளில் அந்தக் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பவரும் அவரே.

சோறு போடுவது மோட்டார்தான். உயிர் மட்டும் கோபிநாத்தின் ஆர்கெஸ்ட்ராவில் கிடந்தது. அங்கே பாட்டுக்கு எட்டு விநாடிதான் கிட்டார். முழுசாக ஒரே ஒரு தனி வாசிப்பு கேட்டுப் பதினைந்து வருஷமாக நடையாய் நடக்கிறார். எட்டு ஒன்பதானால் கோபிநாத் முறைப்பார். வல்லத்திராக்கோட்டைத் திருவிழாவுக்கு வேன் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ நீட்டுனீன்னா, இதான் ஒனக்குக் கடைசி மேடை."

மாலை வெயிலில் அம்மன் பாட்டு. கிட்டார் தொடங்கிச் சரியாக எட்டாவது விநாடியில் முன்வரிசை முத்துமாரியம்மாள் கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்கினார். சாமி வந்துவிட்டது! எந்தச் சத்தத்தில் சாமி வந்ததோ, அது மலையேறும்வரை அந்தச் சத்தம் நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். நிறுத்தச் சொல்லி கோபிநாத் கையை வெட்டி வெட்டிக் காட்டினார். கூட்டம் சீறியது.

"நிப்பாட்டாதீங்க! ஆத்தா இன்னும் மலையேறல!"

மரியசெல்வத்துக்குத் தலைகால் புரியாத ஆனந்தம். பதினைந்து வருஷத்தையும் மொத்தமாக அவிழ்த்துவிட்டார். அந்த அம்மாள் தலையைச் சுழற்ற, இவரும் சுழற்ற, சாமி யாருக்கு வந்தது என்று ஊரே குழம்பியது. பத்தாவது நிமிடம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் நழுவி, கிட்டார் கொர்ரென்று அடங்கப் பார்த்தது. முத்துமாரியம்மாள் சடாரென்று திரும்பி, கோபிநாத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

கோபிநாத் பொத்தென்று மண்டியிட்டார். ஒரு கையால் ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.