மல்லாட்டைப் பட்டன்

எக்செல் பட்டனுக்குப் படம் போடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். ஆனால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஆறு வருஷம் என் வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான். இரண்டாயிரமாவது வருஷ வாக்கில், கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் அவரவர் வேலைக்குத் தகுந்த நாலைந்து பட்டன்களை எக்செல் திரையின் மேல்வரிசையில் செய்துகொடுப்பேன். கம்ப்யூட்டர் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சக பாவிகளுக்கு என் பாடு புரியும்.

சிரிக்கிற மூஞ்சி

முதல் வேலை, திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். மூட்டைக்கு மூட்டை ஈரம் பார்த்து எழுதுவார்கள். ஈரம் குறைந்த சரக்கு பட்டியலில் மேலே வரவேண்டும். ஒரே அழுத்தில் அதைச் செய்கிற பட்டனைப் போட்டுக் கொடுத்தேன். புதுப் பட்டன் என்றால் அதன்மேல் தானாகவே மஞ்சளாக ஒரு சிரித்த மூஞ்சி வந்துவிடும். அதை மாற்றலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, சரக்கு நனைஞ்சி வந்தாலும் சிரிக்குது, காஞ்சி வந்தாலும் சிரிக்குது?"

பதினாறு கட்டம்

படத்தை நாமே வரையலாம் என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. அகலத்துக்குப் பதினாறு கட்டம், உயரத்துக்குப் பதினாறு கட்டம். ஒவ்வொன்றாக அழுத்தி நிறம் பூச வேண்டும். ஒரு மல்லாட்டையை கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க வரைந்தேன். இடுப்பு வந்தால் மூக்கு வரவில்லை. மூக்கு வந்தபோது, மாதிரிக்கு வைத்திருந்ததை நானே தின்றுவிட்டிருந்தேன். முதலாளி குமாஸ்தாவையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் முதலாளிதான் வாயைத் திறந்தார்.

"வண்டு நல்லாக்கீது தம்பி. மல்லாட்டை எப்ப போடுவ?"

காணாமல் போன பட்டன்

அடுத்தது விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஆபீசில் ஆரோக்கியமேரி என்ற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தார். கம்ப்யூட்டர் பழகினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டாராம். அந்தப் பயத்தில் அவர் ஒரு கையால் மவுசையும் மறு கையால் கீபோர்டையும் இறுகப் பிடித்துக்கொண்டே இருப்பார். மார்க்கும் வரிசைப்படுத்துகிற சமாச்சாரம்தானே என்று மண்டிப் பட்டன்களையே பிளாப்பியில் கொண்டுபோய் ஏற்றினேன். மல்லாட்டையும் கூடவே வந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே போன் வந்தது, பட்டனைக் காணோம் என்று. ஆல்ட் விசையைப் பிடித்தபடி இழுத்தால் பட்டன் கழண்டு போய்விடும் என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு இருவரும் சேர்ந்து திரையில் மேலும் கீழும் தேடினோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் எங்கயும் எடுத்துக்கினு போவல சார். வேணுன்னா பையக்கூட பாருங்க."

லட்டு

பரீட்சை முடிந்தது. நான் மறுபடி பொருத்திக் கொடுத்த மல்லாட்டையை ஆரோக்கியமேரி அழுத்தி, வந்த வரிசைப்படியே பெயரையும் ரேங்கையும் மட்டும் அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். முதல் ரேங்க் பையனின் அப்பா திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு போடுகிறவர். சேதி கேட்டு பஸ் ஏறி வந்து ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். வகுப்பு டீச்சருக்கு மட்டும் லட்டு இறங்கவில்லை. அந்தப் பையன்தான் வகுப்பிலேயே கடைசி.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். பட்டனைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. குறைந்த ஈரத்தை மேலே கொண்டுவந்த மாதிரியே குறைந்த மார்க்கையும் அது மேலே கொண்டுவந்திருக்கிறது. "இந்தப் பொண்ணு தப்பா அழுத்திடுச்சா?" என்று சிஸ்டர் என்னைக் கேட்டார். ஆரோக்கியமேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று தலையாட்டினால் என் பேர் தப்பிக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தேன். பிறகு, "அவங்க சரியாத்தான் அழுத்தினாங்க சிஸ்டர். மண்டிக்குப் போட்ட பட்டனை நான்தான் இங்க வெச்சிட்டேன்" என்றேன். எந்த மண்டி, என்ன பட்டன் என்று சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கோபம் என் பக்கம் திரும்பியது. ஆரோக்கியமேரியின் வேலை தப்பியது. கரும்புக்காரர் லட்டு டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

வரிசையை நேராக்கிவிட்டு, பழைய படத்தை அழித்து ஒரு பரிசுக் கோப்பை வரையப் போனேன். ஆரோக்கியமேரி அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"அத எடுத்துடாதீங்க சார். மத்த படமெல்லாம் இன்னான்னே தெரியல, அந்த மல்லாட்டை ஒண்ணுதான் பாத்ததும் தெரியுது."

ஆறு வருஷத்தில் எத்தனையோ படம் வரைந்திருக்கிறேன். இன்னதென்று ஒருத்தர் கேட்காமலே சரியாகச் சொன்னது அந்த வண்டை மட்டும்தான்.