எதிர்த்துப் பேசாத பெண்

என் தங்கை அந்தோணிமேரி மேல் எனக்குப் பல வருஷமாக ஒரு கோபம் இருக்கிறது. அதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நான் சமையல்கட்டுக்குப் போய்க் கேட்டேன். "பாப்பா, பையன புடிச்சிருக்கா? இல்லன்னா இப்பவே சொல்லிடு." அவள் தலையை ஆட்டினாள். நான் கூடத்துக்கு வந்து, "எங்க பொண்ணு எதுத்துப் பேசாது" என்று பெருமையாகச் சொல்லி முடித்து வைத்தேன். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அந்த மரிய ஜோசப் குடித்தே வேலையைத் தொலைத்து, திருப்பூர் பக்கம் எவளோடோ போய்விட்டான். இவள் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள்.

அன்றிலிருந்து சாவு வீடானாலும் சரி, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விசேஷமானாலும் சரி, சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் சொல்வது ஒன்றுதான்: "அண்ணங்காரன் பாத்துக் கட்டிவெச்ச லட்சணம்." பார்த்த அன்றே அவனைப் பிடிக்கவில்லை என்று இவள் என் பெண்டாட்டி ஆரோக்கியம்மாளிடம் சொன்னாளாம். எப்போது? எல்லாம் முடிந்த பிறகு. அன்றைக்கு வாயைத் திறந்து வேண்டாம் என்றிருந்தால் நானா பிடித்துத் தள்ளியிருப்பேன்? கேட்டேனே. கேட்காத அண்ணன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

மேரி நர்ஸ். எங்கள் வீட்டில் அவள்தான் படித்தவள். நான் ஏழாவதோடு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். மகள் ஷாலினி எங்கள் வீட்டில் வளர்ந்தாள். ஞாயிறு பூசைக்கு மேரி பஸ்ஸில் வருவாள். சாயங்காலம் நான் குட்டியானை வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் மீன் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவளும் என் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். வண்டியில் நான் பேசுவேன். அவள் உம் கொட்டுவாள்.

அவளோடு வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாக ஜெர்மனிக்குப் போனார்கள். போனவர்கள் போட்டோ அனுப்பினார்கள். இவளும் சென்னையில் ஓர் ஏஜென்சியில் பெயர் கொடுத்துவிட்டு, ஜெர்மன் பாஷை படிக்க ஆரம்பித்தாள். எல்லாம் போனில்தான். சத்யப்பிரியா என்று ஒரு டீச்சர் கோயம்புத்தூரிலிருந்து பாடம் எடுத்தார். டியூட்டி முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையிலிருந்து காறுகிற மாதிரி ஒரு சத்தத்தை இவள் விடாமல் பழகியதில் வீட்டுக்கார அம்மா பயந்துபோய், காசநோயா என்று ஆஸ்பத்திரிக்கே வந்து விசாரித்துவிட்டது.

அந்தப் பாஷையில் ஆமாம் என்பதற்கு 'யா'. அது அவளுக்கு முதல் நாளே வந்துவிட்டது. இல்லை என்பதற்கு 'நைன்'. அதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பரீட்சை நாலு பாகம். படிப்பது, எழுதுவது, காதால் கேட்பது மூன்றிலும் தேறிவிட்டாள். பேசுவதில்தான் இரண்டு தடவை போயிற்று. பேச்சுப் பரீட்சையில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து ஒரு விஷயத்தைக் கொடுப்பார்களாம். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்து, காரணம் சொல்லி வாதாட வேண்டும். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். முதல் தடவை இவளுக்கு எதிரில் ஒரு மதுரைப் பையன். அவன் ஏதோ சொன்னான், இவள் 'யா, நீங்கள் சொல்வது சரி' என்றாள். இரண்டாம் தடவை ஒரு மூத்த நர்ஸ். அந்த அம்மாவிடமும் அதே 'யா'தான். வாதாட ஒன்றுமில்லாமல் பரீட்சைக்காரர்களே பேச்சை இழுத்துப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

"வார்த்தையெல்லாம் இருக்குண்ணே" என்றாள் என்னிடம். "எதுக்க ஒரு ஆளு உறுதியா பேசுனா எனக்குத் தல தானா ஆடிடுது. தல ஆடிட்டா வாயும் அதும் பின்னாடியே போயிடுது."

அங்கே இவளை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன ஆஸ்பத்திரி, ஏப்ரலுக்குள் தேறவில்லை என்றால் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் மூன்றாவது பரீட்சை. அதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறியதும் கேட்டாள். "அண்ணே, நீங்க எதுனா ஒன்ன அடிச்சிப் பேசுங்க. நீங்க தமிழ்ல பேசுங்க, நான் ஜெர்மன்ல எதுத்துப் பேசிப் பழகிக்கிறேன்."

"டீச்சரோட பேச வேண்டியதுதான?"

"டீச்சர் சாந்தமா பேசறாங்க. அவுங்கள எதுத்துட முடியுது."

"அப்ப நான் காட்டுக்கத்து கத்துறவன், அதான?"

அவள் தலையை ஆட்டினாள்.

சரியென்று ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்குப் போன் கொடுக்கக் கூடாது என்று காரைக்காடு வரை கத்தினேன். அவள் 'யா' என்றாள். பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டி எதற்கு என்றேன். 'யா'. வேண்டுமென்றே, நர்ஸ் வேலையெல்லாம் ஒரு வேலையா, ஊசி போடுவது யாராலும் முடியாதா என்றேன். மூக்கு விடைத்தது, உதடு துடித்தது, ஆனால் தலை மெதுவாக ஆடியது.

"தல ஆடுது பாரு! தல ஆடுது பாரு!" என்று ஸ்டியரிங்கில் அடித்தேன்.

அடுத்த வாரம் அவள் கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கு மாட்டுவார்களே, தாடை வரைக்கும் நிற்கும், அது. தலை ஆடக்கூடாது என்று மெடிக்கலில் வாங்கிவிட்டாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆலப்பாக்கத்தில் டீக்கு நிறுத்தினால், கடைக்காரர் தில்லைநாதன் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா மச்சான், தங்கச்சி கழுத்துல இன்னா? எவன் இட்சான்?"

"ஜெர்மனி இடிச்சிட்டுது, போய் டீய போடு."

"கண்டெய்னர் லாரியா?"

மேரி பட்டைக்குள் முகத்தை அசைக்க முடியாமல் டீயை நெஞ்சில் ஊற்றிக்கொண்டாள்.

பட்டை தலையை நிறுத்தியது. வாயைத் திறக்கவில்லை. நாள் நெருங்க நெருங்க அவள் வாடிக்கொண்டே வந்தாள். ஞாயிறு மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே உதட்டை அசைப்பாள். ஆரோக்கியம்மாள் அவள் தட்டிலிருந்த மீனுக்கு முள் எடுத்துக் கொடுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு. புதுச்சத்திரம் தாண்டியிருப்போம். ஒரு மணி நேரமாகக் கத்தி என் தொண்டை கட்டியிருந்தது. அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு எரிச்சல் முட்டியது. இந்தப் பெண் இந்தத் தடவையும் தோற்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"நீ போனாலும் ஷாலினிய அங்க இழுத்துட்டுப் போவாத. புள்ள இங்கயே இருக்கட்டும். ஒன்ன வளத்த மாதிரி ஒழுக்கமா நான் வளத்து, நல்ல எடத்துல கட்டிக்குடுக்கறேன்" என்றேன்.

பாடத்துக்குச் சொன்னேனா, நிஜமாகச் சொன்னேனா என்று கேட்டால், நிஜமாகத்தான் சொன்னேன்.

அவள் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லேன்! வாயில இன்னா கொழுக்கட்டையா? அன்னிக்கு சமையக்கட்டுல கேட்டப்பவும் இப்படித்தான் நின்ன. அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா எனக்கு இந்தக் கெட்ட பேரு வந்திருக்குமா?"

"நைன்" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். பட்டையின் கொக்கியை இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றிக் காலடியில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். முழுக்க ஜெர்மன். தட்டுத் தடுமாறி வந்தது, நின்றது, பின்னால் போய் அதே வார்த்தையை மறுபடி பிடித்துக்கொண்டு முன்னால் வந்தது. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து என்னை ஒதுக்கிக்கொண்டு போனது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவள் நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தே பேசினாள். அவள் என் முகத்தை நேராகப் பார்த்து அதற்கு முன் எப்போது பேசினாள் என்று எனக்கு நினைவில்லை. எனக்கு விளங்கிய வார்த்தைகள் இரண்டு. ஒன்று ஷாலினி. இன்னொன்று அண்ணே. நாலு பேச்சுக்கு ஒரு அண்ணே வந்தது. அந்தப் பாஷையில் அதற்கு வார்த்தை கிடையாதோ, இவளால் அதை விட முடியவில்லையோ தெரியாது.

முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஐஸ் உருகித் தார் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சொன்ன?" என்றேன்.

"பாடந்தாண்ணே."

"என்னத் திட்டினியா?"

"வண்டிய எடுங்கண்ணே, ஐஸ் கரையுது."

அன்றைக்கு ஐஸ் குறைந்துபோனதற்கு மார்க்கெட்டில் நான் வாங்கிய பேச்சு தனி.

பரீட்சைக்குச் சென்னைக்கு நானும் போனேன். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினோம். திண்டிவனம் வரை ஜெபமாலை உருட்டினாள். பரீட்சை நடக்கும் கட்டடத்தில் என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எல்லாம் சின்னப் பிள்ளைகள். இவளுக்கு யாராவது ஒரு சின்னப் பெண் ஜோடியாக வரக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். பெயர் கூப்பிட்டபோது இவளோடு எழுந்தவர் என் வயசுக்காரர். ஆறடி இருப்பார், முரட்டு மீசை, ஏதோ பெரிய டாக்டர் மாதிரி நடை. கதவைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க முன்னாடி போங்க' என்கிற மாதிரி கையைக் காட்டினார். இவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

போச்சு என்று நினைத்தேன். எதிரில் இருந்த கடையில் டீ வாங்கினேன், குடிக்கவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் என்ன செய்தார் பாவம்.

முதலில் வெளியே வந்தது அவர்தான். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோனார். பின்னால் இவள் வந்தாள். என் கையிலிருந்த ஆறிப்போன டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

"இன்னாச்சி?"

"வயசானவங்கள ஹோம்ல உடறது தப்புன்னு அவரு பேசினாரு. நல்லாத்தாண்ணே பேசினாரு. கேட்டா சரின்னுதான் தோணும்."

"சரின்னுட்டியா?"

"தல ஆட இருந்துச்சி. அப்ப அவரு மீசையப் பாத்தேன். அப்பிடியே உங்க மீச மாதிரியே இருந்துச்சி." வாயைத் துடைத்துக்கொண்டாள். "அப்பறம் பேச ஆரம்பிச்சேன். அவரத்தான் கடைசில போதும் போதும்னு நிறுத்துனாங்களா, என்னத்தான் நிறுத்துனாங்களா தெரியல."

இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தேறிவிட்டாள். செய்தி வந்தபோது வார்டில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாளாம். முடித்துவிட்டுத்தான் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பங்குச் சாமியார் பூசையில் பெயர் சொல்லி வாழ்த்தினார். என்னைக் குத்திக்காட்டிய சொந்தங்களே வீட்டுக்கு வந்து, "அண்ணன் கூட இருந்து படிக்க வெச்சான்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. விசா வர மழைக்காலம் வந்துவிட்டது. அங்கே போய் வீடு பார்த்து, ஒரு வருஷத்துக்குள் ஷாலினியையும் அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அதுவரை பிள்ளை எங்களோடு இருப்பாள் என்று நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவே இல்லை. பேச என்ன இருக்கிறது அதில்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சிதம்பரத்தில் அவள் அறையைக் காலி செய்ய வண்டியோடு போனேன். கட்டில், கேஸ் அடுப்பு, ஒரு பீரோ. எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, போன வாரம் அண்ணி ஷாலினிக்கிட்ட பொங்கல் வெக்கட்டுமான்னு கேட்டாங்க. அவளுக்குப் பொங்கலே ஆவாது. தலையாட்டிட்டு தட்டு காலியாற வரைக்கும் சாப்ட்டா."

"நல்ல புள்ள. அதுக்கின்னா இப்ப?"

"அன்னிக்கு வண்டில உங்ககிட்ட ஜெர்மன்ல சொன்னத இப்ப தமிழ்ல சொல்றேன். கோவிச்சிக்குவீங்க. கோவிச்சிக்கங்க."

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

"அவ உங்க வீட்ல வளர வேணாம்ணே."

"ஏன், எங்க வீட்ல இன்னா கொற? ஆரோக்கியம் ஒனக்கு மேல பாத்துக்கறா..."

"கொற ஒன்னும் இல்ல. அண்ணி தாயி மாதிரி. நீங்க இல்லன்னா நான் இல்ல. ஆனா வேணாம்."

"ஊரு இன்னா பேசும்? அம்மா போனதும் புள்ளயத் தொரத்திட்டான்னு பேசும். மறுபடியும் கெட்ட பேரு எனக்கா?"

"பேசட்டும்."

தலை ஆடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இங்க கன்னியாஸ்திரிங்க ஹாஸ்டல்ல எடம் கேட்டு வெச்சிருக்கேன். வர்ற திங்கக்கெழம நீங்களே கூட்டிட்டு வந்து சேத்துவுடுங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க. பஸ்ல வேணாம், இந்த வண்டிலயே கூட்டிட்டு வாங்க. வழியில எதுனா ஒன்ன அடிச்சிப் பேசுங்க. அவ உங்கள எதுத்துப் பேசுனா, திட்டாம கேளுங்கண்ணே."